திருமண ஆயத்த வகுப்பில் தாம்பத்தியத்தைப் பற்றி எதுவரை பேசலாம்?

பனைநிழல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் ஸ்தோத்திரம். நான் திருநெல்வேலிச் சீமையில் ஒரு சேகரத்துப் (ஒரே போதகரின் பொறுப்பில் உள்ள சபைகள்) போதகரின் மனைவி. ஊரில் ஐயரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் சேகரத்தில் ஓலை வாசிப்பதற்கு (திருமண அறிவிப்பை ஞாயிறு ஆராதனையில் மூன்று முறை வாசிப்பதற்கு) முன் மணமக்கள் ஒரு சனிக்கிழமை வகுப்புக்கு வந்தாக வேண்டும். குடும்ப ஜெபம், வரவு செலவு, இரு வீட்டாரோடும் இணக்கம், கடனில் விழாமல் இருப்பது என்று காலையிலிருந்து மாலை நான்கு மணி வரை பாடம் நடக்கும். கடைசிப் பத்து நிமிடத்துக்குத் 'தாம்பத்தியம்' என்று அட்டவணையில் போட்டிருக்கும். எபிரெயர் 13:4ஐ வாசித்து, விவாகம் கனமுள்ளது என்று சொல்லி, ஜெபித்து, டீ கொடுத்து அனுப்பிவிடுவோம். இத்தனை வருடமும் அப்படித்தான்.

சென்ற மாதம் ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலை மேஜையில் வைத்து, பெயர் எழுதாமல் கேள்விகளைச் சீட்டில் எழுதிப் போடச் சொன்னேன். ஆறு ஜோடிகள் வந்திருந்தார்கள். நான்கு சீட்டுகள் விழுந்தன. மூன்றில் நகை, தனிக்குடித்தனம், வேலைக்குப் போவது பற்றிய கேள்விகள். நான்காவது, நோட்டுத் தாளின் ஓரத்தில் பஸ் டிக்கெட் அளவுக்குக் கிழித்தது. மடித்து மடித்து, நகத்தால் தேய்த்து, பட்டாணி அளவுக்கு ஆக்கியிருந்தார்கள். பிரிக்கவே நேரம் பிடித்தது. உள்ளே நீல மையில் ஒரே வரி: 'வலித்தால் யாரிடம் சொல்ல வேண்டும்?'

சத்தமாக வாசித்துவிட்டேன். யாரும் தலை நிமிரவில்லை. "முதலில் கணவரிடம் சொல்லுங்கள், தொடர்ந்து வலித்தால் டாக்டரைப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள்" என்றேன். அதற்கு மேல் எனக்கும் சொல்லத் தெரியவில்லை. வகுப்பு முடிந்ததும் கமிட்டியில் இருக்கும் பெரியவர் ஒருவர் தனியே வந்து, "அம்மா, கோவில் வளாகத்தில் இதையெல்லாம் வாசிக்கலாமா? ஆணும் பெண்ணும் சேர்ந்தல்லவா உட்கார்ந்திருக்கிறார்கள்" என்றார். கோபத்தில் சொல்லவில்லை, மனம் வருந்திச் சொன்னார்.

எனக்குத் திருமணமானபோது வயது 19. முதல் நாள் மாலை என் அம்மா தலை பின்னிவிட்டுக்கொண்டே, "அவர் மனம் கோணாமல் நடந்துகொள்" என்றார்கள். எனக்குக் கிடைத்த போதனை அது ஒன்றுதான். இரண்டு வருடம் வலியோடு இருந்தேன். பெண் என்றால் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். என் கணவர் நல்லவர். அவருக்கும் யாரும் ஒன்றும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ஆகவே அந்தச் சீட்டை எழுதிய பிள்ளையை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த வகுப்புக்கு ஆறு வாரம் இருக்கிறது. எதுவரை பேசலாம்? யார் பேசலாம்? எந்த வார்த்தைகளில்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

அம்மா, உங்கள் பாரம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தப் பெரியவரின் பக்கம்தான் நான் நிற்கிறேன். 31 வருடம் உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்த்தவன், சபையில் மூப்பனாகவும் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எபேசியர் 5:3 சிலவற்றின் பெயர் முதலாய் நமக்குள்ளே சொல்லப்படக்கூடாது என்கிறது. பரிசுத்தமான ஒன்றைத் திரை போட்டு வைப்பதும் மரியாதைதான். பழைய ஏற்பாட்டு வழிபாட்டு இடமான ஆசரிப்புக் கூடாரத்திலேயே மகா பரிசுத்த ஸ்தலத்துக்குத் திரை இருந்தது.

இன்னொன்று. நீங்கள் பேசும் இடம் கிராமம். ஆறு ஜோடிகள் இருந்த அறையில் அந்தச் சீட்டை எழுதியது யார் என்று இந்நேரம் நான்கு வீட்டில் ஊகித்திருப்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் போன் இருக்கிறது. நீங்கள் நல்ல மனதோடு சொன்ன ஒரு வாக்கியத்தைப் பதிவு செய்து, வெட்டி, வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டால் அந்தப் பெண்ணின் கதி என்ன? தாயும் அத்தையும் தனியாகச் சொல்லவேண்டியதைச் சபை ஒலிபெருக்கியில் சொல்லக்கூடாது.

பிரசவ வார்டு

நான் மகப்பேறு மருத்துவர். ஆலயத்துக்கும் போகிறவள். வாத்தியார் ஐயாவிடம் மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். தாயும் அத்தையும் சொல்லியிருந்தால் என் அறைக்கு ஏன் இத்தனை பேர் வருகிறார்கள்?

இந்த வருடம் பார்த்த ஒரு தம்பதியைச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். திருமணமாகி மூன்று வருடம், குழந்தை இல்லை. பெண்ணின் மாமியார் ஒரு பிளாஸ்டிக் கோப்பைக் கையில் வைத்திருந்தார். இரண்டு இடத்தில் எடுத்த ஸ்கேன், ரத்தப் பரிசோதனைகள், கணவரின் விந்துப் பரிசோதனை, ஆறு மாத ஹார்மோன் மாத்திரைச் சீட்டு எல்லாம் தேதி வாரியாக அடுக்கியிருந்தது. எல்லா முடிவும் சரியாகவே இருந்தன. மாமியாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணிடம், "உடலுறவு முழுமையாக நடக்கிறதா?" என்று கேட்டேன். கழுத்துச் சங்கிலியைப் பல்லில் கடித்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "முயற்சி செய்தால் உடம்பு பூட்டிக்கொள்கிறது டாக்டர். அவர் பயந்து விட்டுவிடுவார்" என்றாள். மூன்று வருடத்தில் இந்தக் கேள்வியை அவளிடம் யாருமே கேட்கவில்லை.

இதற்கு வஜைனிஸ்மஸ் என்று பெயர். பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள தசை, அவள் விரும்பாமலே இறுகிக்கொள்ளும். பிடிவாதம் என்றோ, பிசாசு என்றோ, பக்திக்குறைவு என்றோ இதைச் சொல்பவர்கள் பாவம் செய்கிறார்கள். தசையைத் தளர்த்தும் பயிற்சியாலும், அளவு சிறியதிலிருந்து படிப்படியாகப் பழக்கும் கருவிகளாலும், கணவரின் பொறுமையாலும் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வகுப்பில் சொல்ல வேண்டியவை என்று நான் நினைப்பவை வெகு சில. முதல் உறவில் எல்லாப் பெண்களுக்கும் ரத்தம் வராது. கன்னித்திரை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக இருக்கும், விளையாட்டிலோ சைக்கிளிலோ முன்பே விலகியிருக்கலாம், விலகாமல் நெகிழ்ந்தும் கொடுக்கலாம். வெள்ளை விரிப்பைப் பார்த்து ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை அளக்க முடியாது. இந்த ஒரு தகவலே எத்தனையோ பெண்களைக் காப்பாற்றும். பயமும் அவசரமும் இருந்தால் உறுப்பு ஈரமாகாது, வலிக்கும். முதல் இரவே எல்லாம் நடந்தாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. கல்யாண வேலையில் மூன்று நாள் தூங்காத இரண்டு பேர் அன்று தூங்கட்டுமே. பிரசவத்துக்குப் பிறகு, தையல் ஆறுவதற்காகப் பொதுவாக ஆறு வாரம் பொறுக்கச் சொல்கிறோம். தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் ஹார்மோன் குறைந்து மறுபடி வறட்சியும் வலியும் வரலாம். ஆண்களுக்குச் சர்க்கரை நோயாலும் சில ரத்த அழுத்த மாத்திரைகளாலும் விறைப்புக் குறையலாம். மனைவிமேல் ஆசை போய்விட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

இதில் எந்த வரி பரிசுத்தத்தைக் கெடுக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஐயா காட்டிய எபேசியர் வசனத்தில் வேசித்தனமும் அசுத்தமும் பொருளாசையும்தான் இருக்கின்றன. கணவன் மனைவி உறவு அந்தப் பட்டியலில் இல்லை.

கடலோரப் பங்கு

நான் கத்தோலிக்கன். எங்கள் மறைமாவட்டத்திலும் திருமணத் தயாரிப்பு வகுப்பு கட்டாயம். எங்களிடம் வேறு விதமான குறை. இயற்கைக் குடும்பக் கட்டுப்பாடு சொல்லிக்கொடுப்பதால் மாதவிலக்குச் சுழற்சி, கருத்தரிக்கும் நாட்கள், சளிச்சுரப்பின் தன்மை என்று பெரிய அட்டை வைத்து ஒரு மணி நேரம் விளக்குவார்கள். அந்த அளவுக்கு வெளிப்படைதான். ஆனால் அந்த அட்டையில் இருப்பது கருப்பை மட்டும். மனைவிக்கு இன்பம் உண்டா, அவள் களைத்திருந்தால் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை.

எங்கள் திருச்சபையின் போதனையில் இதற்குப் பஞ்சமே இல்லை என்பதுதான் வருத்தம். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979 முதல் 1984 வரை புதன்கிழமை மறையுரைகளில் மனித உடலையும் திருமண அன்பையும் பற்றி 129 முறை பேசினார். அதற்கு முன்பே, கருத்தடையைத் தடுக்கும் சுற்றுமடல் என்று மட்டும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிற 1968ஆம் ஆண்டு மடலில், துணைவரின் நிலையையும் நியாயமான விருப்பத்தையும் பாராமல் திணிக்கப்படும் உறவு உண்மையான அன்பின் செயல் அல்ல என்று ஆறாம் பவுல் எழுதியிருக்கிறார். மாத்திரை கூடாது என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். திணிக்கக்கூடாது என்பது ஒருவருக்கும் தெரியாது. இரண்டும் ஒரே மடலில்தான் இருக்கின்றன.

மூன்றாம் பால்

தமிழ் கற்பிப்பவன். இந்தத் தயக்கம் தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் எவ்வளவு பழையது என்பதற்கு ஒரு செய்தி. வீரமாமுனிவர் 1730இல் திருக்குறளை இலத்தீனில் மொழிபெயர்த்தபோது அறத்துப்பாலையும் பொருட்பாலையும் எடுத்துக்கொண்டார், காமத்துப்பாலை விட்டுவிட்டார். 250 குறள்கள் அப்படியே நின்றுபோயின. ஒன்றரை நூற்றாண்டு கழித்து, நம் சாயர்புரத்தில் ஊழியம் செய்த ஜி.யு. போப் 1886இல் முப்பாலையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். தப்பெண்ணத்தால் மூன்றாம் பாலைச் சில ஆண்டுகள் வாசிக்காமலே இருந்ததை அவரே முன்னுரையில் ஒப்புக்கொள்கிறார். மனத்தில் மாசில்லாமல் இருப்பதே அறம் என்று எழுதிய கை மாசானதை எழுதியிருக்காது என்று தோன்றிய பிறகே வாசித்தாராம்.

போப் ஐயருக்கு இருந்த அந்த நம்பிக்கை, காதல் பாடலான உன்னதப்பாட்டை வேதத்தில் வைத்திருக்கும் நமக்கு ஏன் இல்லை? நான் சிறுவனாக இருந்தபோது ஞாயிறு பள்ளியில் அந்தப் பக்கங்களைப் புரட்டினால் தலையில் குட்டு விழும். குட்டு வாங்கியதால்தான் அதில் ஏதோ அசிங்கம் இருக்கிறது என்று நாங்கள் முடிவுசெய்தோம்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

தம்பி, உன்னதப்பாட்டைக் கிறிஸ்துவுக்கும் சபைக்கும் உள்ள அன்பாக வாசித்தவர்கள் எல்லாரும் வெட்கத்தால் அப்படிச் செய்தவர்கள் அல்ல. பெர்னார்து என்ற துறவி 12ஆம் நூற்றாண்டில் அதன்மேல் 86 பிரசங்கங்கள் எழுதினார். அத்தனையிலும் மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தைத்தான் எட்டினார், அதற்குள் மரித்துவிட்டார். அவ்வளவு ஆசையோடு தேவனைத் தேடியவரின் வாசிப்பை ஒதுக்கிவைக்க என் மனம் ஒப்பாது.

டாக்டரம்மா சொன்ன மருத்துவச் செய்திகளை நான் மறுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள் என்கிறேன். கோவில் எதற்கு?

சாட்சி

இந்த இழையை இரண்டு நாளாக வாசிக்கிறேன். எழுதவா வேண்டாமா என்று யோசித்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு எழுதுகிறேன்.

எனக்கு நடந்தது, பேசாததால் வந்த துன்பம் அல்ல. பேசியதால் வந்தது. முதல் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தம்பதியர் கூட்டம் ஒன்றுக்குக் கணவரோடு போனேன். பேச வந்தவர் மிகவும் வெளிப்படையாகப் பேசுவார் என்று பெயர் எடுத்தவர். ஊர், பெயர் எதுவும் வேண்டாம். 1 கொரிந்தியர் 7:4ஐ எடுத்து, 'மனைவியானவள் தன் சொந்த சரீரத்துக்கு அதிகாரியல்ல, புருஷனே அதற்கு அதிகாரி' என்று வாசித்தார். அதைக் கூட்டத்தையே மூன்று முறை சொல்லச் சொன்னார். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு நானும் சொன்னேன். மனைவி மறுத்து, கணவன் வெளியே பாவத்தில் விழுந்தால் அந்தப் பாவத்தின் கணக்கு மனைவியிடம்தான் கேட்கப்படும் என்றார். முன் வரிசையில் ஆண்கள் ஆமென் சொன்னார்கள். இப்படி ஒளிவுமறைவில்லாமல் பேசுகிற ஊழியர்கள் நமக்கு வேண்டும் என்று வழிநெடுக என் கணவர் சொல்லிக்கொண்டு வந்தார்.

அன்று இரவு எனக்குத் தையல் போட்ட இடம் இன்னும் ஆறியிருக்கவில்லை. இதற்கு மேல் எழுதவில்லை.

நான்கு வருடம் கழித்து அந்த அதிகாரத்தை நானே உட்கார்ந்து வாசித்தேன். அதே வசனத்தில் 'அப்படியே' என்று ஒரு சொல் இருக்கிறது. 'அப்படியே புருஷனும் தன் சொந்த சரீரத்துக்கு அதிகாரியல்ல, மனைவியே அதற்கு அதிகாரி.' அந்தக் கூட்டத்தில் அது வாசிக்கப்படவே இல்லை. அடுத்த வசனத்தில் இருவரும் சம்மதிப்பதைப் பற்றிப் பவுல் எழுதுகிறார். பிரிந்திருப்பதற்கே சம்மதம் வேண்டும் என்றால், சேர்வதற்கு வேண்டாமா? வேதப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அழுதேன். பிறகு அதே பக்கத்தைத் திறந்து என் கணவரிடம் நீட்டினேன். அவர் வாசித்தார். அன்றைக்கு மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க அவருக்கு ஒரு வருடம் ஆயிற்று.

ஐயரம்மா, நீங்கள் வெளிப்படையாகப் பேசுங்கள். ஆனால் வசனத்தை முழுவதும் வாசிக்கிறவர்களை மட்டும் பேச விடுங்கள்.

பனைநிழல்

சகோதரி, உங்களுக்காக ஜெபிக்கிறேன். அந்த 'அப்படியே' என்ற சொல்லை என் வேதப்புத்தகத்தில் இப்போதுதான் கோடிட்டேன். இத்தனை வருடம் அந்த வசனத்தைச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒருநாளும் அந்தச் சொல்லில் நின்றதில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்

சாட்சி என்ற பெயரில் எழுதிய மகளே, உன்னை 'அம்மா' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று தோன்றுகிறது. நான் மூப்பனாக இருந்த காலத்தில் உன்னைப் போன்ற ஒருத்தி எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். என் மனைவியிடம் ஏதோ சொல்ல வந்தவள், என்னைக் கண்டதும் எழுந்துபோய்விட்டாள். நான் என்னவென்று விசாரிக்கவில்லை. குடும்ப விஷயம் என்று விட்டுவிட்டேன். இன்று அது நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது.

கோவில் எதற்கு என்று நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லிவிட்டாய். கோவிலில் வைத்துச் சொன்ன தவறைக் கோவிலில் வைத்துத்தான் திருத்த வேண்டும். ஆனாலும் என் அச்சம் போகவில்லை, இன்னும் கூடியிருக்கிறது. அந்தப் பேச்சாளரும் துணிச்சலாகத்தான் பேசினார். ஆகவே எதுவரை என்று கேட்பதற்கு முன் யார், யாரிடம், யார் முன்னிலையில் என்று கேளுங்கள். ஆணும் பெண்ணும் கலந்த அறையில் வேண்டாம். பேசுகிறவர் தன் படுக்கையறைக் கதையைச் சாட்சியாகச் சொல்ல வேண்டாம். அவருடைய மனைவி அதற்குச் சம்மதித்தாளா என்று யாருக்குத் தெரியும்?

வழக்கறிஞர் மேசை

குடும்ப நீதிமன்றத்தில் கிறிஸ்தவ வழக்குகள் நடத்துகிறேன். சுருக்கமாக. 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்தில் 2001 திருத்தத்துக்குப் பிறகு, வேண்டுமென்றே உறவை மறுத்து அதனால் திருமணம் நிறைவுபெறாமல் போனால் அது விவாகரத்துக்கு ஒரு காரணம். உடற்குறையால் உறவு முடியாமல் போனால் திருமணத்தையே செல்லாததாக்கக் கேட்கலாம். ஆகவே, சபையில் யாரும் கேட்காத கேள்விகளை எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் கேட்கிறார். எத்தனை முறை, எந்தத் தேதி, என்ன நடந்தது என்று. கூண்டில் நின்று 24 வயதுப் பெண் பதில் சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு டாக்டர், ஆறு மாதச் சிகிச்சை, கொஞ்சம் விவரம் தெரிந்த ஒரு போதகர் என்று அமைந்திருந்தால் அவற்றில் சில வழக்குகள் என் மேசைக்கே வந்திருக்காது.

மறுபக்கமும் சொல்கிறேன். 18 வயது நிரம்பிய மனைவியைக் கணவன் வற்புறுத்தி உறவு கொள்வதை, 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவும் பாலியல் வன்புணர்வுக் குற்றமாகக் கணக்கிடவில்லை. ஆனால் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் கொடுமையையும் வன்முறை என்கிறது. பாதுகாப்பு ஆணை வாங்கலாம். இதையும் பெண்களுக்குச் சொல்லுங்கள்.

வாலிபர் சங்கம்

எனக்கு வயது 29. ஆண்கள் பக்கத்தை யாரும் எழுதவில்லை, ஆகவே எழுதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு நண்பனின் போனில் முதல்முறை ஆபாசப் படம் பார்த்தேன். அதன் பிறகு பத்து வருடம் என் ஆசிரியர் அதுதான். வாலிபர் கூட்டத்தில் வருடத்துக்கு ஒருமுறை பரிசுத்தத்தைப் பற்றிச் செய்தி கொடுப்பார்கள். பார்க்காதே, தொடாதே, ஓடு. நானும் அழுது ஒப்புக்கொடுப்பேன், பிறகு விழுவேன். திருமணத்துக்குப் பின் எப்படி இருக்க வேண்டும் என்று அந்தச் செய்திகளில் ஒரு வரிகூட வந்ததில்லை. தாலி ஏறியதும் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சரியாகவில்லை. முதல் வாரத்திலேயே என் மனைவி சுவர்ப்பக்கம் திரும்பி, "இதையெல்லாம் எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டாள். அவளுக்குப் பயம் என்பது எனக்கு அந்தக் குரலில்தான் தெரிந்தது. அதுவரை அவளுடைய மௌனத்தை வெட்கம் என்று நினைத்திருந்தேன். படத்தில் வரும் பெண்ணுக்கு வலிக்காது, களைப்பு வராது, அவள் வேண்டாம் என்று சொல்லவும் மாட்டாள். நான் கற்றது அவளைத்தான், மனைவியை அல்ல.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு மாதம் வெறுமனே பக்கத்தில் படுத்துப் பேசிக்கொண்டிருந்தோம். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் கபடி விளையாடப் பிடிக்கும் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

வாத்தியார் ஐயா, நீங்கள் பேசாமல் விடுகிற இடம் காலியாக இருப்பதில்லை. அங்கே வேறு யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்து, ஒரு மரியாதையான மனிதர், 'உன் மனைவி வேண்டாம் என்று சொன்னால் அவளை உற்றுப் பார்த்துக் கோபப்படாமல் திரும்பிப் படு' என்று நேராகச் சொல்ல வேண்டும். இந்த வாக்கியத்தை என்னிடம் யாராவது சொல்லியிருந்தால் அந்த முதல் வாரம் அப்படி இருந்திருக்காது.

விசுவாச வீடு

மன்னிக்கவும், எனக்கு இந்த இழை நெடுகிலும் ஒரு சங்கடம். மறுப்பது மட்டுமே பெண்ணின் உரிமை என்பதுபோல் பேச்சு போகிறது. எனக்கு 52 வயது, திருமணமாகி 27 வருடம். எனக்குக் கணவரோடு கூடியிருப்பது பிடிக்கும். இதை எழுதும்போதே கை கூசுகிறது, ஏனென்றால் ஒரு கிறிஸ்தவப் பெண் இதைச் சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்டேன். கருப்பையை எடுத்த பிறகு எனக்கு வறட்சி வந்தபோது டாக்டரிடம் களிம்பு கேட்கப் போய், வெட்கத்தில் முதுகுவலி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினேன். ஆசைப்படுவது தவறில்லை என்பதையும் அந்தப் பெண் பிள்ளைகளிடம் யாராவது சொல்லுங்கள்.

பிரசவ வார்டு

அக்கா, நீங்கள் எழுதியதை அச்சடித்து என் அறையில் ஒட்டிவைக்க ஆசை. மறுபடி போய்க் களிம்பைக் கேளுங்கள். கூசாமல் கொடுப்போம்.

பனைநிழல்

எல்லாரும் எழுதியதைப் பலமுறை வாசித்தேன். என் கணவரும் வாசித்தார். நேற்றுச் சேகரக் கமிட்டியில் பேசினோம். என்னிடம் வருத்தப்பட்ட அந்தப் பெரியவரும் இருந்தார்.

நான் ஜெபப் புத்தகத்திலிருந்து தொடங்கினேன். 1662இல் வந்த ஆங்கில ஜெபப் புத்தகத்தில் மாப்பிள்ளை மோதிரம் போடும்போது, என் சரீரத்தாலே உன்னைக் கனம்பண்ணுகிறேன் என்ற பொருளில் பெண்ணுக்கு வாக்குக் கொடுக்கிறான். பீடத்துக்கு முன்னால், சபையார் எல்லாரும் கேட்க, சரீரத்தைப் பற்றி வாக்குக் கொடுக்கிற மரபில் வந்தவர்கள் நாம் என்றேன். உபாகமம் 24:5ஐயும் வாசித்தேன். புதிதாக மணமுடித்தவனை யுத்தத்துக்கு அனுப்பக்கூடாது, ஒரு வருடம் வீட்டிலிருந்து மனைவியைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்கிறது நியாயப்பிரமாணம். அவனைச் சந்தோஷப்படுத்த அவளுக்கு இட்ட கட்டளை அல்ல அது. கமிட்டியில் ஒருவர் அந்த வசனத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார்.

முடிவானது இது. பத்து நிமிடம் இனி ஒன்றரை மணி நேரம். ஆண்களும் பெண்களும் தனித்தனி அறையில். பெண்களுக்கு ஒரு பெண் டாக்டர், ஆண்களுக்கு ஓய்வுபெற்ற ஆண் டாக்டர் ஒருவர், இருவருமே நம் சபையார். போன்களை வாசலில் ஒரு கூடையில் போட்டுவிட வேண்டும். உறுப்புகளின் பெயரைச் சுற்றி வளைக்காமல், பாடப்புத்தகத்தில் உள்ள சொல்லால் சொல்வது. படுக்கையறை முறைகளை விவரிப்பது இல்லை. அது அந்த இரண்டு பேருக்கே உரியது, அதில் வாத்தியார் ஐயா சொன்னதே சரி. ஆறு மாதம் கழித்து அதே தம்பதிகளை மறுபடி அழைப்பது. திருமணத்துக்கு முன்னால் கேட்கத் தெரியாத கேள்வி அப்போது கேட்கத் தெரியும்.

சீட்டுகளை இனி நான் சத்தமாக வாசிக்க மாட்டேன். நான் செய்தது பிழை. அந்தப் பிள்ளை எவ்வளவு இறுக்கமாக மடித்திருந்தாள் என்பதைப் பார்த்த பிறகும் வாசித்துவிட்டேன். டாக்டர்கள் சீட்டுகளை முதலிலேயே வாங்கி, யார் கேட்டது என்று தெரியாதபடி பாடத்துக்குள் சேர்த்துச் சொல்வார்கள்.

உன்னதப்பாட்டைப் பற்றி வாத்தியார் ஐயாவுக்கும் தமிழாசிரியர் தம்பிக்கும் ஒன்று. நம் பழைய மொழிபெயர்ப்பில் 'எனக்குப் பிரியமானவளுக்கு மனதாகுமட்டும்' என்று வருகிறது, அவளை எழுப்பாதிருங்கள் என்று. மனதாகுமட்டும். பெண்களின் வகுப்பில் அந்த ஒரு சொல்லைக் கரும்பலகையில் எழுதப்போகிறேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

ஆண்களின் அறைக்குப் போக வேண்டிய சொல் அது, அம்மா. அங்கேயும் எழுதுங்கள்.

ஆறு மாதத்துக்குப் பிறகு திரும்ப அழைப்பது நல்ல யோசனை. கலந்த கூட்டத்தில் இந்தப் பேச்சு கூடாது என்பதில் நான் மாறவில்லை.

மூன்றாம் ஓலை

வணக்கம். நான் வேறு மாவட்டம். எனக்கு இரண்டு ஓலை வாசித்தாயிற்று, அடுத்த ஞாயிறு மூன்றாவது. எங்கள் சபையில் இப்படி வகுப்பு எதுவும் இல்லை. போதகர் வீட்டுக்கு வந்து ஜெபித்துவிட்டுப் போனார். பெண் பார்க்க வந்த அன்று பத்து நிமிடம் அவரோடு பேசினேன், பிறகு போனில். நல்லவராகத்தான் தெரிகிறார். திருமணத்துக்கு இன்னும் 16 நாள். நான் என்ன செய்யலாம்? அம்மாவிடம் கேட்க முடியவில்லை.

பிரசவ வார்டு

மகளே, முதலில் உன் ஊரிலோ பக்கத்து நகரத்திலோ ஒரு பெண் மகப்பேறு மருத்துவரைப் போய்ப் பார். மாதவிலக்குத் தேதி பற்றிக் கேட்க வேண்டும் என்று வீட்டில் சொல், அது உண்மையும்கூட. உடனே குழந்தை வேண்டுமா, தள்ளிப்போட வேண்டுமா என்று இருவரும் பேசிவிட்டுப் போனால் இன்னும் நல்லது. உன் உடம்பைப் பற்றி இருக்கும் பயம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ. பேச வாய் வராவிட்டால் தாளை நீட்டு. என் அறையில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

இரண்டாவது, அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேள். 'எனக்குப் பயமாக இருந்தால், இன்று வேண்டாம் என்று நான் சொன்னால், என்ன செய்வீர்கள்?' போனில் கேட்டாலும் போதும். பதிலைவிட, பதில் சொல்லும் விதத்தைக் கவனி.

சாட்சி

தங்கையே, கேட்டுவிடு. நான் கேட்கவில்லை.

மூன்றாம் ஓலை

நேற்று இரவு மொட்டை மாடிக்குப் போய்க் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. போன் துண்டித்துவிட்டதோ என்று பார்த்தேன், துண்டிக்கவில்லை. பிறகு, "என்னிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது" என்றார். அதன் பிறகு நாங்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். டாக்டரிடம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். தாளில் இதுவரை ஏழு கேள்வி எழுதியிருக்கிறேன். அவரும் இரண்டு கேள்வி அனுப்பியிருக்கிறார்.